சிறுவாணி நீலம்... போர்வெல் மஞ்சள்!

கோயமுத்தூர்க்காரங்ககிட்ட எதை வேணும்னாலும் குறை சொல்லுங்க. அவிநாசி ரோடு டிராஃபிக்கைத் திட்டுங்க. 'ஏனுங்க, வாங்க, போங்க'ன்னு நாங்க பேசறதை மிமிக்ரி பண்ணுங்க. சிரிச்சுக்கிட்டே கேட்டுக்குவோம். ஆனா, சிறுவாணித் தண்ணியைப் பத்தி மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. அடுத்த அரை மணி நேரத்துக்கு அதோட ருசியைப் பத்தி லெக்சர் கேட்காம நீங்க வீடு போய்ச் சேர முடியாது!

எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஒரே ஒரு சின்ன பிரச்னை... எங்க வீட்டுக் குழாயில சிறுவாணி வராது. சரவணம்பட்டி தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற வீடு. குடிக்க கேன் தண்ணி, மத்த எல்லாத்துக்கும் போர்வெல். சோப்பு போட்டா நுரை வராது, பக்கெட்டைச் சுத்தி வெள்ளைக் கோடு, ஷவர்ல பாதி ஓட்டை அடைப்பு. 'உப்புத் தண்ணி'ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு வாழப் பழகிட்டோம்.

அந்த உப்புத் தண்ணி என் அம்மாயியோட முகத்தைக் கரைச்சுடும்னு மட்டும் நான் நினைக்கவே இல்லை.

வெயில் எடுக்கிற போட்டோ

நான் படிக்கிறது விஸ்காம். இந்த செமஸ்டர்ல 'பழைய முறையில் ஒரு போட்டோ பிரிண்ட்'னு ஒரு அசைன்மென்ட். கிளாஸ்ல பாதிப் பேர் மாதிரி நானும் சயனோடைப்பைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் சிம்பிள். டார்க் ரூம் வேண்டாம், கேமரா வேண்டாம், வெயில் போதும். கோவையில வெயிலுக்கா பஞ்சம்?

இதைக் கண்டுபிடிச்சவர் ஜான் ஹெர்ஷல்ங்கிற ஆங்கிலேய விஞ்ஞானி. வருஷம் 1842. அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ்னு ஒரு பெண்மணி, கடல் பாசிகளை இந்த முறையில தாள் மேல வச்சுப் பதிவு பண்ணி, புத்தகமாவே வெளியிட ஆரம்பிச்சுட்டாங்க. போட்டோவோட வந்த முதல் புத்தகம்னு அதைத்தான் சொல்றாங்க. அப்புறம் இன்ஜினீயர்கள் இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. நீலத் தாள்ல வெள்ளைக் கோடா வர்ற 'ப்ளூபிரிண்ட்' இருக்கே... அது இதே கெமிஸ்ட்ரிதான். பம்பு செட்டும் ஃபவுண்டரியும் மில்லுமா வளர்ந்த நம்ம ஊருக்கு இந்த நீலம் ஒண்ணும் புதுசு இல்லை பாஸ்!

செய்முறையும் ஈஸி. ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி தண்ணியில ஒரு பாட்டில். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராமை 100 மில்லியில இன்னொரு பாட்டில். வேணும்கிறப்ப ரெண்டையும் சம அளவு கலந்து, வெளிச்சம் கம்மியா இருக்கிற அறையில நல்ல கெட்டியான வாட்டர்கலர் பேப்பர்ல பிரஷ்ஷால தடவி, இருட்டுல காய விடணும். ஜெராக்ஸ் கடையில ஓ.ஹெச்.பி. ஷீட்ல எடுத்த நெகட்டிவை அது மேல வச்சு, கண்ணாடி போட்டு அழுத்தி, மொட்டை மாடி வெயில்ல காட்டணும். உச்சி வெயில்னா சில நிமிஷம் போதும். அப்புறம் தண்ணியில கழுவணும். வெயில் படாத இடத்துல இருக்கிற மருந்து கரைஞ்சு போகும். வெயில் பட்ட இடம் கருநீலமா நிற்கும்.

நான் எடுத்துக்கிட்ட படம், எங்க அம்மாயியோட கல்யாணத்துக்கு முந்தின போட்டோ. காங்கேயத்துல ஏதோ ஸ்டூடியோவுல எடுத்தது. அவங்க வயசுக் காலத்துல எடுத்ததுன்னு மிச்சமிருக்கிறது அது ஒண்ணுதான். "பத்தரமா கொண்டாந்து குடுத்துரு சாமி"ன்னு மஞ்சப் பையில சுத்திக் கொடுத்திருந்தாங்க. ஸ்கேன் பண்ணி நெகட்டிவ் எடுத்து, ஞாயித்துக்கிழமை மதியம் மாடியில வெயில் காட்டி, பாத்ரூம் பக்கெட்ல முக்கினேன்.

முதல் ரெண்டு நிமிஷம்... அடடா! நீலம் அப்படியே பொங்கி வந்துச்சு. அம்மாயியோட ரெட்டை ஜடை, காதுல இருக்கிற தோடு எல்லாம் தெரிஞ்சுது. 'இன்னும் நல்லாக் கழுவுவோம்'னு குழாயைத் திறந்துவிட்டுட்டு சாப்பிடப் போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தா, நீலம் வெளுத்து, முகத்தோட நிழல் பாகமெல்லாம் காணாமப் போய், வெள்ளையா இருக்க வேண்டிய இடத்துல பழைய நியூஸ் பேப்பர் மாதிரி மஞ்சள். காலையில பார்த்தப்ப ரெட்டை ஜடை மட்டும்தான் மிச்சம்.

மறுபடி செஞ்சேன். மறுபடியும் பல்பு. பேப்பரை மாத்தினேன், மருந்தை மாத்தினேன், வெயில் நேரத்தைக் கூட்டினேன். மூணாவது தடவையும் மஞ்சள்தான்.

முதல் பாட்டில்: ஆர்.எஸ்.புரம்

அதே மருந்து, அதே பேப்பர். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஆர்.எஸ்.புரத்துல இருக்கான். அவன் பிரிண்ட் மட்டும் சும்மா மயில் கழுத்து மாதிரி மின்னுது! "என்னடா சீக்ரெட்?"னு கேட்டா, "ஒண்ணும் இல்லையே, குழாயில கழுவினேன்"ங்கிறான். அப்பத்தான் பொறி தட்டுச்சு. அவன் வீட்டுக் குழாயில வர்றது சிறுவாணி!

ஒரு பாட்டில் பிடிச்சுக்கிட்டு, உக்கடம் பக்கம் மீன் தொட்டிக் கடையில பி.ஹெச். ஸ்ட்ரிப் ஒரு டப்பா வாங்கினேன். தண்ணி அமிலமா காரமான்னு சொல்ற தாள் அது. 7-ன்னா நடுநிலை. கீழே போனா அமிலம், மேலே போனா காரம். ஃப்ரெண்ட் வீட்டுத் தண்ணி 7 பக்கத்துல நின்னுச்சு. எங்க வீட்டுத் தண்ணி 8-ஐத் தாண்டுச்சு. 'ஒண்ணுதானே வித்தியாசம்'னு நினைக்காதீங்க. இந்த அளவுகோல்ல ஒவ்வொரு படியும் பத்து மடங்கு.

சயனோடைப்போட நீலத்துக்குப் பேர் பிரஷ்யன் புளூ. இரும்பும் சயனைடும் கைகோத்து நிற்கிற நிறம். அமிலத்துல கம்பீரமா நிற்கும். காரம் பட்டா அந்தக் கை விட்டுப்போகும். சயனைடு பாகம் தண்ணியோட கரைஞ்சு போயிடும், இரும்பு மட்டும் துரு மாதிரி மஞ்சளாத் தாள்லயே தங்கிடும். என் பக்கெட்டுல நடந்தது அதேதான்!

இதுல இன்னொரு விஷயம் கத்துக்கிட்டேன். நாம பொத்தாம் பொதுவா 'உப்புத் தண்ணி'ன்னு சொல்றதுல மூணு தனித்தனி சங்கதி இருக்கு. கால்சியமும் மெக்னீசியமும் அதிகமா இருந்தா அது கடினத்தன்மை. சோப்பு நுரைக்காததுக்கும் ஷவர் அடைப்புக்கும் அதுதான் காரணம். பைகார்பனேட் அதிகமா இருந்தா காரத்தன்மை. என் நீலத்தைத் தின்னது அது. கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு அதிகமா இருந்தா நாக்குல கரிக்கும், அது மூணாவது. பல போர்வெல்ல மூணும் ஒண்ணா வர்றதால நமக்குப் பிரிச்சுப் பார்க்கத் தோணறதில்லை. இந்த மூணாவது சங்கதியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில வேலை இருக்கு.

ரெண்டாவது பாட்டில்: மலை அடிவாரம்

சிறுவாணிக்கு மட்டும் ஏன் இந்த குணம்? அதைப் பார்த்துட்டு வந்துடலாம்னு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். பேரூர் தாண்டி, ஆலாந்துறை தாண்டி, பாக்குத் தோப்பெல்லாம் கடந்து சாடிவயல். முன்னாடி சுவர் மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலை. சிறுவாணி அணை இருக்கிறது மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவோட பாலக்காடு மாவட்டத்துல. 1984-ல கட்டி முடிச்ச அணை. தமிழ்நாடு பணம் கொடுக்க, கேரளா கட்டிக் கொடுத்தது. மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா தண்ணி இந்தப் பக்கம் வந்து, அடிவாரத்துல சுத்திகரிச்சு, ஊருக்குள்ள இறங்குது.

அதுக்கும் முந்தின கதை ஒண்ணு இருக்கு. 19-ஆம் நூற்றாண்டோட கடைசியில தண்ணிக்குத் தவிச்ச ஊர் நம்ம கோயமுத்தூர். சிறுவாணியைக் கொண்டு வரலாம்னு அப்பவே குரல் கொடுத்தவர் பத்திரிகையாளர் நரசிம்மலு நாயுடு. அதைச் செஞ்சு காட்டினதுல பெரும் பங்கு நகராட்சித் தலைவரா இருந்த இரத்தினசபாபதி முதலியாருக்கு. ஆர்.எஸ்.புரத்துல இருக்கிற அந்த 'ஆர்.எஸ்.' அவர்தான். தண்ணி கொண்டு வந்தவர் பேர்லயே ஒரு ஏரியா!

அடிவாரத்துல ஒரு ஓடையில பாட்டிலை நிரப்பினேன். ஸ்ட்ரிப் 7-க்குக் கொஞ்சம் கீழேயே நின்னுச்சு. காரணம் கண்ணு முன்னாடியே இருக்கு. மழை பெய்யுது, காட்டு இலை மக்குல ஊறுது, கெட்டியான பாறை மேல வேகமா ஓடி வருது. பாறையைக் கரைக்க அதுக்கு நேரமும் இல்லை, கரையறதுக்கு அந்தப் பாறையில பெருசா ஒண்ணும் இல்லை. சமவெளிக்கு வந்தா கதையே வேற. வருஷக்கணக்குல மண்ணுக்குள்ள கிடந்து, சுண்ணாம்பைக் கரைச்சுக்கிட்டே ஆழத்துக்குப் போற தண்ணிதான் போர்வெல்ல வருது. நம்ம மண்ணுல சுண்ணாம்பு இருக்கான்னு சந்தேகமா? பாலக்காடு ரோட்டுல மதுக்கரையைப் பாருங்க. 1930-கள்லயே அங்கே சிமென்ட் ஆலை வந்ததே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான்.

நான் பாட்டில் நிரப்பின ஓடை சிறுவாணியில சேராது. இந்த மலையில மேற்கே விழற மழை சிறுவாணி ஆறாப் போய் பவானியில கலக்குது. கிழக்கே விழற மழை நொய்யலா இறங்குது. நான் நின்ன இடம் நொய்யலோட தொட்டில். இவ்வளவு சுத்தமாப் பொறக்குற ஆறு, போற வழியில என்ன ஆகுதுன்னு எங்க வீட்டுல எல்லோருக்குமே தெரியும். ஏன்னா அம்மாயி வீடு இருக்கிறது அதே ஆத்தோட கீழ்க்கோடியில, ஒரத்துப்பாளையம் அணைக்கும் கீழே.

மூணாவது பாட்டில்: திருப்பூர்

அம்மாயி ஊருக்குப் போற வழியில திருப்பூர்ல மாமா வீடு. அம்மாவோட தம்பி. சாயப்பட்டறையில டையிங் மாஸ்டர். வெளுத்துப்போன என் மூணு பிரிண்டையும் டேபிள் மேல பரப்பினேன். ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். உடனே சிரிச்சுட்டார்.

"ஏன் மாப்ள, காலேஜுக்கு இத்தனை ஃபீஸ் கட்டறமே... தண்ணி பி.ஹெச். பாக்காம துணியவே நாங்க முக்க மாட்டோம். நீ போட்டாவ முக்கியிருக்கியே!"

அப்புறம் அவர் எடுத்தது ஒரு கிளாஸ். சாயம் துணியோட ஒட்டணும்னா சலவை சோடா போட்டுக் குளியலைக் காரமாக்குவாங்களாம். சாயம் ஏறினதும் அந்தக் காரத்தை அப்படியே விட்டா துணி கெடும், நிறம் மாறும். அதனால கழுவுறப்ப அசிட்டிக் ஆசிட்டை அளந்து ஊத்தி நடுநிலைக்குக் கொண்டு வருவாங்க. "வினிகர்ல இருக்கறதே அதானே? உம்பட போட்டாவுக்கும் அதேதான் வைத்தியம். என்ன, எங்களுக்கு டிரம்மு, உனக்கு ஸ்பூனு!"

அவர் வீட்டு போர்வெல்லும் ஸ்ட்ரிப்ல 8-ஐத் தொட்டுச்சு. ஒரு லிட்டர் தண்ணியில ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்டார். மளிகைக் கடையில 'எலுமிச்சை உப்பு'ன்னு கேட்டாக் கிடைக்குமே, அதே பொடி. ஸ்ட்ரிப் சட்டுனு அமிலப் பக்கம் சாய்ஞ்சுது. நான் கையோட கொண்டு போயிருந்த டெஸ்ட் துண்டுகளை வெயில் காட்டி, ஒண்ணை வெறும் தண்ணியிலயும் ஒண்ணை இந்தத் தண்ணியிலயும் போட்டோம். பத்து நிமிஷத்துல ரிசல்ட். ஒண்ணு வெளிறிப் போச்சு, இன்னொண்ணு ஆர்.எஸ்.புரம் நீலம்! சொல்லப்போனா அதைவிட ஒரு படி மேல. முதல் கழுவல் அமிலமா இருந்தா, இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவுல இருக்கிற மெல்லிய நிழல்கள் கரையாம தாள்ல தங்குது.

"சூப்பர் மாமா! பிரச்னை முடிஞ்சுது"ன்னு பக்கெட்டைத் தூக்கி வாசல் சாக்கடையில ஊத்தப் போனேன்.

"நில்லு மாப்ள."

குரல் மாறியிருந்தது.

"அந்தத் தண்ணி எங்க போகும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அவரே சொன்னார். "இப்பிடித்தான் நாங்களும் ஊத்துனோம். ஆசிட் ஊத்தி பி.ஹெச். சரி பண்ணியாச்சு, அப்புறம் என்னன்னு நெனச்சோம். அந்தத் தண்ணி நேரா போனது எங்கம்மா காட்டுக்கு."

சாயம் ஏத்த சோடா மட்டும் போதாது. ஒரு லிட்டர் தண்ணிக்குப் பல பத்து கிராம் கணக்குல உப்பும் கொட்டணும். சாயம் துணிக்குள்ள போகும், உப்பு போகாது. போட்ட உப்பு அத்தனையும் தண்ணியோட வெளியே வந்துதான் ஆகணும். நூத்துக்கணக்கான பட்டறைகள், வருஷக்கணக்குல... அத்தனை உப்பும் நொய்யல்ல. பாசனத்துக்குன்னு 1992-ல திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷத்துலயே சாயத்தண்ணி தேங்குற குட்டை ஆயிடுச்சு. கீழே இருக்கிற விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. பல வருஷப் போராட்டத்துக்கு அப்புறம், 2011 ஜனவரி கடைசியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே வராம, தண்ணியையும் உப்பையும் பிரிச்சு மறுபடி பயன்படுத்தினாத்தான் திறக்கலாம்ங்கிறது நிபந்தனை.

"அந்த வருசம் எனக்கு வேலை இல்ல. அதே வருசம் எங்கம்மா, 'இனியாவது ஆத்துல நல்ல தண்ணி வருமா'ன்னு கேட்டுச்சு. நான் என்ன சொல்றது? அந்தக் காட்டைக் கெடுத்த தண்ணியிலதான் என்ற சம்பளம் இருந்துச்சு."

மாமா இப்போ வேலை செய்யறது சுத்திகரிப்பு நிலையத்தோட இணைஞ்ச பட்டறையில. என் பக்கெட்டை ஒரு மூடி போட்ட கேன்ல ஊத்தி, "காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல கழிவு சேர்த்து வைக்கறாங்கல்ல, அங்க கொண்டு போய்க் குடு"ன்னு பைக்ல கட்டி விட்டார்.

நாலாவது பாட்டில்: அம்மாயி வீட்டுக் கிணறு

ஒரத்துப்பாளையம் அணையைத் தாண்டறப்ப வண்டியை நிறுத்தினேன். பெரிய கரை, பெரிய மதகு, சீமைக்கருவேலம். அணைன்னா நமக்கு ஒரு சந்தோஷம் வருமே, அது வரலை.

அம்மாயி திண்ணையிலயே உக்காந்திருந்தாங்க. "வா கண்ணு, வெயில்ல வந்துருக்கற, மோர் குடி"ன்னு ஆரம்பிச்சு, அடுத்த கேள்வியே, "என்ற போட்டா எங்க?" பத்திரமா எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் தயங்கித் தயங்கி வெளுத்துப்போன பிரிண்டையும் காட்டினேன். ரொம்ப நேரம் உத்துப் பார்த்தாங்க.

"இதென்ன சாமி, சடை மட்டும் இருக்குது?"

அமிலம், காரம்னு விளக்க ஆரம்பிச்சேன். பாதியில கையமர்த்திட்டு உள்ளே போனாங்க. ஒரு தட்டுல மஞ்சத்தூளும் தண்ணியும். அதுல ஒரு துளி சுண்ணாம்பு. குப்புனு ரத்தச் சிவப்பு! ஆரத்தி! அப்புறம் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சாங்க. சிவப்பு போய் மறுபடி மஞ்சள்.

"இதைத்தான சொல்ற?"

நான் மீன் தொட்டிக் கடையில காசு கொடுத்து வாங்கின விஷயம், ஈரோட்டு மஞ்சள் விளையிற இந்தச் சீமையில ஒவ்வொரு கல்யாண வீட்டு வாசல்லயும் தட்டுல சுத்திக்கிட்டு இருந்திருக்கு! சுண்ணாம்பு மாதிரி கடுமையான காரத்துக்குத்தான் மஞ்சள் இப்படிச் சிவக்கும், போர்வெல் தண்ணிக்கு அவ்வளவா அசையாது. அதனால அளந்து பார்க்க ஸ்ட்ரிப்தான் வேணும். ஆனா, பாடம் ஒண்ணுதான்.

பின்னாடி கிணறு. படி இறங்கி பாட்டில்ல பிடிச்சு நாக்குல வச்சேன். கரிப்பு. அந்தத் தண்ணியில இப்போ ஆடு மாட்டுக்குச் சோளத்தட்டும் கொஞ்சம் தென்னையும்தான். ஒரு காலத்துல மஞ்சளும் நெல்லும் போட்ட காடு. குடிக்கறதுக்குக் குழாயில காவேரித் தண்ணி வருது.

ஸ்ட்ரிப் காரம்னு சொல்லுச்சு. அம்மாயி பிழிஞ்ச அதே எலுமிச்சம்பழத்தோட மிச்சத்தை ஒரு தட்டுத் தண்ணியில விட்டேன். ஸ்ட்ரிப் இறங்கிடுச்சு. கோவையில இருந்தே மருந்து தடவி, கறுப்புக் கவர்ல கொண்டு வந்திருந்த கடைசித் தாளை எடுத்து, நெகட்டிவை வச்சு, களத்து மேட்டு வெயில்ல காட்டி, அந்தக் கிணத்துத் தண்ணியில போட்டேன்.

நீலம் வந்தது. நின்னது. ரெட்டை ஜடை, தோடு, கன்னத்து நிழல், சிரிக்கலாமா வேண்டாமான்னு இருக்கிற அந்த உதடு... எல்லாமே வந்துச்சு.

"நல்லாத்தான் இருக்குது. ஏன் நீலமா இருக்கறேன்?"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் தட்டுல இருந்த தண்ணியைப் பார்த்துக்கிட்டே மெதுவா ஒரு கேள்வி கேட்டாங்க.

"எலுமிச்சம்பழம் உட்டா தண்ணி சரியாயிருமா கண்ணு?"

மூணாவது சங்கதியை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அது இதுதான். அமிலம் விட்டா பி.ஹெச். இறங்கும். உப்பு இறங்காது. என் நீலத்துக்கு எதிரி காரம் மட்டும்தான், அதை அரை எலுமிச்சம்பழம் ஜெயிச்சுடும். பயிரோட எதிரி உப்பு. மண்ணுக்குள்ள இறங்கி உக்காந்துட்ட உப்பு. அதுக்குப் பழமும் இல்லை, பவுடரும் இல்லை. நல்ல மழை வந்து, ஆத்துல நல்ல தண்ணி ஓடி, வருஷம் வருஷமா கொஞ்சம் கொஞ்சமாக் கழுவி எடுக்கணும்.

"போட்டாவுக்கு மட்டும்தான் அம்மாயி சரியாகும்"னேன்.

"அதுக்காச்சும் ஆகுதே"ன்னாங்க.

நீங்களும் செய்யலாம்!

உங்க வீட்டுத் தண்ணியில முயற்சி பண்ற ஃப்ரெண்ட்ஸுக்கு, நாலு பாட்டில் கொடுத்த டிப்ஸ்:

* முதல்ல தண்ணியை பி.ஹெச். ஸ்ட்ரிப்ல பாருங்க. 7 அல்லது அதுக்குக் கீழேன்னா கவலையில்லை. மேலேன்னா அமிலம் வேணும். ஆர்.ஓ. கேன் தண்ணியும் நல்லாவே வேலை செய்யும். ஆனா, குடிக்கிற தண்ணியைக் கேன் கணக்குல கொட்டணுமான்னு யோசிங்க.

* முதல் கழுவலுக்கு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போதும். இல்லைன்னா, பத்துப் பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர். எலுமிச்சைச் சாறுன்னா வடிகட்டிட்டு விடுங்க. தட்டை லேசா ஆட்டிக்கிட்டே அஞ்சு நிமிஷம். அடுத்தடுத்த கழுவலுக்கும் தண்ணி காரம்னா, ஒரு சிட்டிகை சேர்த்துக்கோங்க.

* தாள்ல மஞ்சள் மருந்து போனதும் நிறுத்திடுங்க. என்னை மாதிரி குழாயைத் திறந்துவிட்டுட்டு சாப்பிடப் போகாதீங்க!

* கை உறை போடுங்க. சமையல் பாத்திரத்தைத் தொடாதீங்க. முக்கியமா, பாத்ரூம் கழுவுற ஆசிட், பேட்டரி ஆசிட் பக்கமே போகக் கூடாது. கடும் அமிலமும் சூடும் சேர்ந்தா இந்த மருந்திலிருந்து விஷவாயு வரும். வினிகரும் எலுமிச்சையும்தான் நமக்கு எல்லை.

* காய்ஞ்ச பிரிண்டை சோப்பு, சலவை சோடா படாம வைங்க. வெயில்ல தொங்கவிட்டு வெளுத்துட்டா, சில நாள் இருட்டுல வைங்க. பெரும்பாலும் நீலம் திரும்பி வரும்.

* என்னை மாதிரி ஏற்கெனவே வெளுக்க வச்சுட்டீங்களா? தூக்கிப் போடாதீங்க. தாள்ல இரும்பு மிச்சமிருக்கும். நல்ல ஸ்ட்ராங்கான வால்பாறை டீ டிகாஷனை ஆற வச்சு அதுல ஊறப்போடுங்க. டீயோட துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து பழுப்புக் கறுப்பா ஒரு படம் எழும்பி வரும்.

* முதல் ரெண்டு கழுவல் தண்ணியைச் சாக்கடையிலோ கிணத்தடியிலோ ஊத்தாதீங்க. ஒரு கேன்ல சேர்த்து, காலேஜ் லேப்ல கொடுங்க. ரெண்டு போட்டோவுக்கு இவ்வளவு பில்டப்பான்னு கேட்டா... எங்க மாமா நம்பர் தர்றேன், பேசிக்கோங்க.

அசைன்மென்ட்டுக்கு நான் கொடுத்தது மூணு பிரிண்ட். அத்தனையும் அம்மாயி முகம்தான். ஒண்ணு சிறுவாணியில கழுவினது, ஒண்ணு எங்க வீட்டு போர்வெல் தின்னது, ஒண்ணு கிணத்துத் தண்ணியும் எலுமிச்சம்பழமும். நல்ல மார்க். அம்மாயிக்குக் கொடுக்க எடுத்து வச்சது மூணாவது. காய்ஞ்சதுக்கு அப்புறம் அதோட கீழ் ஓரத்துல, தண்ணி சொட்டி நின்ன இடத்துல, பொடிப்பொடியா வெள்ளையா ஏதோ படிஞ்சிருந்தது. விரல்ல தொட்டு நாக்குல வச்சேன். உப்பு.

துடைச்சுடலாம்னு துணியை எடுத்தேன். அப்புறம் அப்படியே ஃபிரேம் போட்டுட்டேன்.